ஓட்டத் தெரியாத டிரைவர்

மார்ச் 3
சிமெண்ட் மூட்டைக் காகிதம் கொஞ்சம் கிடைத்தது. எழுதுகிறேன்.

காலை வரிசையில் முகாம் அதிகாரி, கைதிகளில் லாரி ஓட்டத் தெரிந்தவன் யார் என்று கேட்டார். கல் உடைக்க வேண்டாம், ரொட்டி இரட்டிப்பு. பாதி வாழ்க்கையை லாரியிலேயே கழித்த நான் வாயைத் திறக்கவில்லை. நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகும் லாரியாம். அதில் போன நோயாளி ஒருவனும் திரும்பவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் வண்டியின் டயரில் காட்டுச் சேறு எதற்கு?

மார்ச் 4
மச்சானுக்குக் கோபம். என் மனைவியின் தம்பி, என்னோடு பிடிபட்டவன், பள்ளிக்கூட வாத்தியார். "உண்மையைச் சொன்னா ரொட்டி கிடைக்குமே அத்தான், எதுக்கு இந்த வீம்பு?" என்றான். கேள்வி என்றால் பதில் சொல்லியாக வேண்டும் அவனுக்கு. நான் செக்போஸ்டில் பாடம் படித்தவன். யார் கேட்டாலும் ஒன்றும் தெரியாது.

சேற்றைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை. வாத்தியாரிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி.

மார்ச் 9
மச்சான் இருமுகிறான்.

மார்ச் 11
மாட்டிக்கொண்டேன். கல் ஏற்ற லாரியைச் சரிவில் நிறுத்தினார்கள். யாரும் சொல்லாமலே ஒரு கல்லை எடுத்துப் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டேன். பாழாய்ப்போன பழக்கம்! அதிகாரி பார்த்துவிட்டார். கிளீனராகத்தான் இருந்தேன் என்று சமாளித்தேன். அது போதுமாம், இனி நான்தான் டிரைவர்.

மார்ச் 13
முகாமில் இருப்பது இந்த ஒரே லாரி; திங்கட்கிழமை இதில்தான் நோயாளிகளை ஏற்ற வேண்டும். மச்சானும் அதில். "நீங்கதானே ஓட்டுறீங்க, அப்புறம் என்ன பயம்?" என்றான்.



மார்ச் 14
முடிவு செய்துவிட்டேன். ஒருத்தருக்கும் தெரியக் கூடாது.

மார்ச் 15
இன்று கல் லோடு. ரேடியேட்டர் தண்ணீரைத் திறந்துவிட்டு மேட்டில் ஏற்றினேன். இஞ்சின் சூடு காட்டும் ஊசி சிவப்பைத் தொட்டது. காலை எடுடா, எடுடா என்று மனசு அடித்துக்கொண்டது. எடுக்கவில்லை. இஞ்சின் இறுகி நின்றது. என் கையால் ஒரு வண்டியையும் நான் இப்படிச் சாகடித்ததில்லை. அழுதுவிட்டேன். பயத்தில் அழுகிறேன் என்று நினைத்தார்கள்.

"கிளீனர்கிட்ட வண்டியைக் குடுத்தா இப்படித்தான் ஐயா ஆகும்" என்றேன். தடி முறியும்வரை அடித்தார்கள்.

மார்ச் 27
மறுபடி கல் உடைக்கிறேன். மழை நிற்கும்வரை வேறு லாரி வராதாம். மச்சானுக்குக் காய்ச்சல் விட்டது, வேலைக்கு வந்தான். வழியெல்லாம் ஒரே திட்டு. இத்தனை வருஷம் ஓட்டியவருக்குத் தண்ணீர் பார்க்கத் தெரியாதா, ஆஸ்பத்திரியில் நிம்மதியாகப் படுத்திருப்பேனே என்று.

தப்புதான் என்றேன். திட்டட்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.