என் வரிசை எலிகளுக்கு மட்டும் பஞ்சு

அன்புள்ள மகளுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் முரண்டு பிடிக்கிறது, அது கிடக்கட்டும். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம்தானே.

நிற்க, தலைகால் புரியாத சந்தோஷத்தில் எழுதுகிறேன், கையெழுத்துக் கோணலைப் பொறுத்துக்கொள். ஆராய்ச்சிப் பண்ணையில் அப்படி என்ன வேலை என்று கேட்டிருந்தாயே, சாயங்காலம் வயலோரம் தகரப் பொறிகள் வைப்பேன், விடிந்ததும் மாட்டிய வயல் சுண்டெலிகளை எடைபோட்டு, காதில் மாட்டிய வில்லையிலுள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, அங்கேயே விட்டுவிடுவேன். எனக்கு ஒரு வரிசை, ஜீப் டிரைவருக்கு ஒரு வரிசை. இப்படிப் பிடித்துப் பிடித்து விடுவதால் எலிக்கு உடம்பு கெடுகிறதா என்பதுதான் பண்ணை விஞ்ஞானி டாக்டரம்மாவின் ஆராய்ச்சி. ஆரம்பத்திலேயே ஒரு சின்ன எலி குளிரில் விறைத்துக் கிடந்ததைப் பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லை. அம்மா தலையணை தைத்து மிச்சமான பஞ்சை, யாரிடமும் மூச்சு விடாமல், என் வரிசைப் பொறிகளில் மட்டும் கொஞ்சம் கொஞ்சம் வைத்துவந்தேன்.

வியாழக்கிழமை டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டு, ரெண்டு வரிசையையும் சேர்த்துப் பார்த்தா எடை பெருசா குறையல, பொறியால எலிக்கு ஒண்ணும் ஆகலன்னு எழுதி அனுப்பப் போறேன் என்றார். எனக்குத் திக்கென்றது. அதை நம்பி எல்லாரும் வெறும் பொறி வைப்பார்களே! சொன்னால் என் வேலை போகும், சொல்லாவிட்டால் எலி உயிர் போகும். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னால், போற வேலை போகட்டும், முதல்ல போய்ச் சொல்லுங்க என்று விரட்டினாள். மறுநாளே போய் டாக்டரம்மாவிடம் உளறிக் கொட்டிவிட்டேன். டாக்டரம்மா முகம் சிவந்துவிட்டது, ரெண்டு மாச உழைப்பைக் கெடுத்துட்டீங்களேண்ணா என்றார். அப்புறம் என்ன தோன்றியதோ, வரிசைகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தார். டிரைவர் வரிசையில் திரும்பத் திரும்ப மாட்டிய எலிகள் மூன்று கிராம் வரை இளைத்திருக்கின்றன, முழு எலியே இருபது கிராம்தான்! என் வரிசையில் அரை கிராம்கூடக் குறையவில்லை. துள்ளி எழுந்துவிட்டார். இது தெரிஞ்ச பிறகு வெறும் பொறி வைக்க மனசு வராது, இன்னிக்கே எல்லாத்துக்கும் பஞ்சு, உங்களுக்குத் திட்டு பாக்கி இருக்கு, அப்புறம் வாங்கிக்குங்க என்றார்.

இன்று காலை டிரைவர் வரிசையில் முதல் பொறியைத் திறந்தோம். எப்போதும் மூலையில் நடுங்கிக் கிடக்கும் நாற்பத்தேழாம் எண் எலி, பஞ்சைக் குடைந்து உள்ளே படுத்துத் தூங்குகிறது, தட்டினாலும் வர மாட்டேன் என்கிறது! தூங்கட்டும், எடை அப்புறம் பார்க்கலாம் என்று டாக்டரம்மாவே குரலைத் தாழ்த்திச் சொன்னார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். காலையில் சாப்பிடாமல் வேலைக்கு ஓடாதே. ஒன்று சொல்ல மறந்தேன், நாற்பது பொறிக்குப் பஞ்சு போதாமல் பீரோ மேலிருந்த உன் தலையணையை அம்மா பிரித்துவிட்டாள். நீ வந்தால் புதிதாகத் தைத்துத் தருவாளாம், சீக்கிரம் வா.

இப்படிக்கு,
வேலை போகாத உன் அப்பா