உறைக்குள் போகாத பத்திரிகை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம், என் வலது முழங்காலை மட்டும் அதில் சேர்க்காதே. நீயும் மாப்பிள்ளையாக வரப்போகிறவரும் அந்தக் குளிரில் நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நம்புகிறேன். போன வாரம் போனில் நீ சொன்னதைக் கேட்டதும், வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று போனை வைத்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம். "ரெண்டாவது கல்யாணம்தானேம்மா, பத்திரிகையெல்லாம் எதுக்கு, சத்தமில்லாம கையெழுத்துப் போட்டுட்டு வந்துடறோம்" என்றாய். சத்தமில்லாமல் செய்ய நீ என்ன திருடவா போகிறாய்? முதல் கல்யாணத்துக்கு ஊரையே கூப்பிட்டோம். கை ஓங்கியவன் அவன், தலையைக் குனிவது நீயா? இந்த ஒரு விஷயத்தில் உன் பேச்சை நான் கேட்பதாக இல்லை. கேட்கவும் இல்லை. பத்திரிகை தயார், அறுபது பேருக்குக் கொடுத்தும் ஆகிவிட்டது. நீ கோபப்படு, பரவாயில்லை.

அச்சகத்துக்கெல்லாம் போகவில்லை. நம் ஆல்டரேஷன் கடையில் அளவு வரைந்து வெட்டுவதற்குக் கெட்டியான பழுப்புக் காகிதம் வைத்திருப்பேனே, அதில்தான் வெட்டினேன். நாள், நேரம், நம் ஊரில் நான் பிடித்த மண்டபம், உங்கள் இருவர் பெயர், எல்லாம் என் கோழிக்கிறுக்கல் கையெழுத்துதான். ஓரம் முழுக்க மிஷினில் ஒரு தையல், அதுவும் அவரவர் கடைசியாகக் கொடுத்த துணிக்கு நான் போட்ட நூலிலேயே. பல் டாக்டருக்கு வெள்ளை, பக்கத்து வீட்டு லாரிக்காரருக்குக் காக்கி, எதிர்வீட்டு டீச்சருக்குக் கத்தரிப்பூ நிறம். ஆனால் பழக்கதோஷம் விடுமா, தையலுக்கென்று நாலு பக்கமும் அரை அங்குலம் விட்டு வெட்டித் தொலைத்துவிட்டேன். வாங்கி வைத்த உறைக்குள் ஒன்றுகூட நுழையவில்லை. உன் அப்பா சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது, பிறகு அவரே மடித்துச் சொருகிவிடலாம் என்று யோசனை சொன்னார். மடிக்கவும் வேண்டாம் மறைக்கவும் வேண்டாம், அப்படியே கையில் கொடுத்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

இனிமேல்தான் விஷயமே. நீ வீட்டுக்குத் திரும்பி வந்த அந்த வருஷம் யார் யார் உனக்கு என்ன செய்தார்கள் என்று அவரவர் பத்திரிகையின் கீழே ஒரு வரி எழுதினேன். லாரிக்காரருக்கு, "அந்த வீட்டுக்கு நீங்களே போய் என் மகளின் புத்தகம் ஒன்றுகூட விடாமல் ஏற்றிக்கொண்டு வந்தீர்கள், முதல் வரிசையில் உட்காருங்கள்" என்று. பல் டாக்டருக்கு, "பல்லைச் சரிசெய்ததோடு நிற்காமல், அது எப்படி உடைந்தது என்று பயப்படாமல் எழுதிக் கொடுத்தீர்கள்" என்று. டீச்சருக்கு, "நீங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, தினமும் சாயங்காலம் அவளை நடக்கக் கூட்டிக்கொண்டு போனீர்கள்" என்று. லாரிக்காரர் அதை வண்டியின் முன்கண்ணாடியில் சொருகி வைத்திருக்கிறார், சரக்கு ஏற்றுகிறவர் இறக்குகிறவர் எல்லோரும் படிக்கிறார்கள். உறை இல்லாததால் ஒருவருடையதை இன்னொருவர் வாங்கிப் பார்த்து, மூன்றே நாளில் தெரு முழுக்கத் தெரிந்துபோனது. உன் அத்தைக்கும் தெரிந்துபோனது. அப்பா தன் அக்காவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்த பத்திரிகையில் மட்டும் கீழே நான் ஒன்றும் எழுதவில்லை. "எதுக்கு வம்பு, நல்லதா ரெண்டு வார்த்தை எழுதிடேன்" என்று அப்பா கெஞ்சிப் பார்த்தார். இல்லாததை எழுத எனக்கு வராது என்றேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு பேண்ட்டின் இடுப்பைப் பிரித்துக்கொண்டிருந்தேன், அத்தை விறுவிறு என்று வந்து பத்திரிகையை மிஷின் மேல் வைத்து, "எல்லாருக்கும் எழுதியிருக்கே, எனக்கு மட்டும் ஏன் காலியா இருக்கு?" என்று கேட்டார். முன்பெல்லாம் அவரைக் கண்டாலே எழுந்து நிற்பேன், உனக்குத் தெரியும். அன்றைக்குக் கையிலிருந்த வேலையைக்கூட நான் கீழே வைக்கவில்லை. "என்ன எழுதணும்னு நீங்களே சொல்லுங்க அண்ணி, எழுதித் தர்றேன்" என்றேன். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் இடுப்பு முழுவதையும் பிரித்து, அளவு குறித்து, திரும்பத் தைத்தும் முடித்துவிட்டேன். அப்புறம்தான் அத்தை தரையைப் பார்த்துக்கொண்டே, "அவ பையும் கையுமா என் வாசல்ல வந்து நின்னப்ப, அனுசரிச்சுப் போன்னு சொல்லிக் கதவைச் சாத்திட்டேன். அதையே எழுது" என்றார். அந்த நிமிஷம் எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் கோபம் போகவில்லை, இன்றைக்கும் போகவில்லை. ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்து, "அவ வேண்டாம்னா நான் வரலை, கேட்டுச் சொல்லு" என்றார். பைக்குள் வைப்பார் என்று பார்த்தேன். வைக்கவில்லை. எழுத்து வெளியே தெரிய அதைக் கையில் பிடித்துக்கொண்டே கடைத்தெரு வழியாக நடந்துபோனார்.

அவர் வரலாமா கூடாதா என்பதை நீதான் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் நானே நேரில் போய்ச் சொல்கிறேன், அப்பாவைக் குறுக்கே வரவிட மாட்டேன். ஆனால் ஒளிந்து செய்வது மட்டும் நடக்காது. கதவைச் சாத்தியவரே அதை ஊரறியச் சுமந்துகொண்டு போகிறார், ஒரு தப்பும் செய்யாத நீ யாருக்கு ஒளிய வேண்டும்?

கல்யாண ரவிக்கை தைக்க உன் அளவை உடனே அனுப்பு, டேப்பை இறுக்கிப் பிடித்து ஏமாற்றாதே, போன தடவை எடுத்த அளவில் நீ குச்சி மாதிரி இருந்தாய், அது இனி உதவாது. நீங்கள் இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டு, பயமில்லாமல் நூறு வருஷம் வாழ வேண்டும், அதுதான் எங்கள் ஆசீர்வாதம். உன் பத்திரிகையையும் இதோடு வைத்திருக்கிறேன். ஓரத்தில் இருப்பது சிவப்பு நூல், நீ திரும்பி வந்த அன்று கிழிந்திருந்த உன் சட்டைத் தோளைத் தைத்த அதே நூல்கண்டு. உனக்கும் கீழே ஒரு வரி எழுதியிருக்கிறேன்: "நீயே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாய். மண்டபத்துக்கு முன்வாசல் வழியாக வா."

இப்படிக்கு,
சொன்ன பேச்சைக் கேட்காத
உன் அம்மா