ஐந்தாவது பெயர்

ஐந்து பேருக்குத்தான் இடம் என்றால், இவள் எப்போது உள்ளே வந்தாள்? கணவனுக்குச் சீட்டு எழுத உட்கார்ந்த எல்சியின் மனம் அதிலேயே நின்றது.

டிவியில் செருகும் ஸ்டிக் மூன்று நாளாக வைஃபையில் சேரவில்லை. "ஆஃப் பண்ணி ஆன் பண்ணு, சரியாயிடும்" என்று நேற்று சொல்லிவிட்டு, மாடிவீட்டு ஜூலியட்டின் டிவியைச் சரிசெய்யப் போய்விட்டான் அவள் கணவன் கிளாட்சன். இன்று எல்சியே வைஃபை பெட்டியின் பட்டியலைத் திறந்து பார்த்தாள். ஐந்து கருவிகளுக்கு மேல் அது ஏற்காது. ஐந்தாவது பெயர் ஜூலியட். அதை நீக்கி, பாஸ்வேர்டையும் மாற்றியதும் டிவி ஓடியது.

சீட்டில் எழுதினாள்: "குத்தாலம் போறேன், அம்மா வயல்ல நடவு. மத்தியானம் வந்தா கெளுத்திக் குழம்பைச் சூடு பண்ணிக்குங்க. சாவி உங்க பழைய ஷூவுக்குள்ள. டிவி சரியாயிடுச்சு. ஒரு ஆளை இறக்கிவிட்டேன், இடம் கிடைச்சுது."

போன் சிணுங்கியது. வேலை பார்க்கும் பூதலூர் கடையிலிருந்து கிளாட்சன் அனுப்பியிருந்தான்: "பாஸ்வேர்டு மாத்தினியா? ஜூலியட்டுக்கு நெட் வரலையாம், பாவம். புதுசை அவங்ககிட்ட சொல்லிட்டுப் போ."

அதற்குள் அவனிடம் சொல்லியாகிவிட்டதா! எல்சி போனைக் கவிழ்த்து வைத்தாள். சீட்டின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்:

"பாஸ்வேர்டை எங்கேயும் எழுதி வைக்கல. சாயங்காலம் வந்து உங்க போன்ல மட்டும் நானே போட்டுத் தர்றேன்."