மூன்று நிமிடம் பிந்திய தங்கம்

பிளாக்ஹவுஸ் பே,
ஞாயிறு காலை

அன்பு மகள் பிரணவிக்கு,

நாங்கள் நல்ல சுகம். உன் சுகத்தை ரிவியில் பார்த்துவிட்டோம், அந்த இடது தோளைத் தவிர, ஐஸ் வை. போனில் எடுத்தால் உன்னைக் கதைக்க விடாமல் ஐம்பது மீட்டருக்கு எத்தனை செக்கன் என்ற கணக்குத்தான் கேட்பேனாம், எழுது என்று அம்மா பேனையைத் தந்துவிட்டாள். நேராக விஷயத்துக்கு வருகிறேன். தங்கமும் வாங்கியாயிற்று, நீச்சலை விட்டுவிட்டு பிரிஸ்பனிலேயே படிக்கலாமா, அப்பா பொறுப்பாரா என்று அவளிடம் கேட்டிருக்கிறாய். என்னிடம் கேட்கப் பயமாம். பதில் சொல்லுமுன் நான் விட்ட பிழையைக் கேள்.

கோயில் மண்டபத்தில் உன் பந்தயத்தைப் பெரிய திரையில் காட்ட நான்தான் பொறுப்பு. பிளாட் புஷ் பக்கத்துத் தமிழ்ச் சனம் முழுக்க வந்திருந்தது. இன்டர்நெட் அடிக்கடி நின்றதால், வெட்டாமல் ஓட மூன்று நிமிடம் பிந்திக் காட்டும்படி வைத்தேன். முடிவை ஒருவரும் முந்திப் பார்க்கக் கூடாதென்று எல்லாருடைய போனையும் வாங்கி வெறும் சாம்பார்க் கிடாரத்துக்குள் போட்டு மூடினேன். திரையில் நீ தொடக்க மேடையில் ஏறிப் பாயக் குனிகிறாய், அந்த நேரம் பார்த்துச் சமையலறைச் சுவரில் இருந்த பழைய போன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தால், ரொறன்ரோவிலிருந்து என் அக்கா, உன் ரத்னா மாமி. மாதாமாதம் அருச்சனைக்கு எடுக்கிற நம்பர், அதை நான் யோசிக்கவேயில்லை. டேய், பிள்ளை வெண்டிட்டாளடா என்று அவள் கத்தினது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. மலேசியா ஜெயபாலன் அங்கிள் திரும்பி, என்ன எஞ்சினியர், படம் ஓடறதுக்கு முன்னாடியே கிளைமாக்ஸ சொல்லிட்டீங்களே என்றார். சனம் சிரித்த சிரிப்பில் அம்மா அழுதது எனக்குக் கேட்கவில்லை.

எனக்கு விசர், ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பிறகு பார்த்தால் கையில் ஸ்டொப்வாட்ச். உன் ஏழு வயதிலிருந்து, விரி தொழிற்பேட்டையில் குளிரறை மெஷின்களைத் திருத்திவிட்டு நேரே தடாகத்தடிக்கு வந்து, பதின்மூன்று வருடம் அதைத்தான் பார்த்தேன், உன்னை இல்லை. வென்றது தெரிந்த பிறகு அது எதற்கு? பொக்கெற்றில் போட்டுவிட்டுச் சும்மா இருந்து பார்த்தேன். தண்ணீருக்கு மேல் வரும் ஒவ்வொரு முறையும் நீ சிரிக்கிற மாதிரி இருக்கிறது. இவ்வளவு காலமும் எனக்குத் தெரியாது. எனக்கு அது போதும் மகள். நீந்து, விடு, படி, முடிவு உன்னுடையது. எதுவானாலும் பயிற்சியாளரிடம் நீயே நேரில் சொல். அடுத்த முறை என்னைப் பற்றி என்னிடமே கேள்.

பதக்கத்தைக் குளோரின் தண்ணீருக்குள் கொண்டுபோகாதே, முலாம் பாழாகும். டிசம்பரில் நத்தார் லீவுக்குக் கட்டாயம் வா. ஸ்டொப்வாட்ச் இப்போது குசினியில்; இடியப்பம் ஏழு நிமிடத்தில் அவிகிறது.

பிள்ளையார் உன்னோடு இருப்பார்.

உன் அப்பா,
யசீகரன்