எனக்குக் கிடைத்த தந்திக் கம்பம்

17-8-1942, திங்கள்

சர்க்கார் இன்று எனக்கு ஒரு தந்திக் கம்பம் கொடுத்தது. வாத்தியார் உத்தியோகத்தில் நான் பெற்ற முதல் மரியாதை. அருப்புக்கோட்டைப் பக்கம் யாரோ தந்திக் கம்பியை அறுத்துவிட்டார்களாம். அதனால் பாளையம்பட்டி ரோட்டில் வீட்டுக்கு ஒரு கம்பம் காவல். கம்பத்துக்கு ஏதாவது ஆனால் பிரம்படி. ஆளைத் தெரிந்தும் மறைத்தால் ஜெயில். கம்பத்தில் சுண்ணாம்பால் ‘வேதநாயகம்’ என்று என் பெயரை எழுதிவிட்டுப் போனார்கள்.

18-8

அடுத்த கம்பம் உழுது பிழைக்கும் சம்சாரி பால்பாண்டிக்கு. “வாத்தியாரய்யா, இதுக்குத் தண்ணி கிண்ணி ஊத்தணுமா?” என்றார். சிரித்தோம். போலீஸ் லாரிச் சத்தம் கேட்டது. நிறுத்திக்கொண்டோம்.

20-8

ஒரு வாரமாகக் காணாமல் போயிருந்த தம்பி அமிர்தராஜ் வந்தான். உள்ளங்கையெல்லாம் கொப்புளம். எதனால் என்று நான் கேட்கவில்லை. தெரியாதவனுக்கு ஜெயில் இல்லையே.

“அண்ணே, ஒங்க கம்பம் எது?”

“எதுக்குலே?”

“சும்மாதான்.”

பெயர் எழுதியிருக்கிறது என்று சொல்லித் தொலைத்தேன்.

21-8

இரண்டு தடவை போய் என் கம்பத்தைப் பார்த்துவிட்டு வந்தேன்.

22-8, விடிந்ததும்

ரோடு நெடுகக் கம்பங்கள் சாய்ந்து கிடக்கின்றன. என்னுடையது மட்டும் நிற்கிறது. அடப் பாவி! அண்ணன்மேல பாசத்தைக் காட்ட வேற எடமே கெடைக்கலையாலே ஒனக்கு? உன் பெயரையே அதில் எழுதிவிட்டுப் போயிருக்கலாமே. இன்ஸ்பெக்டர் வந்துகொண்டிருக்கிறாராம். அடித்தால் சொல்லிவிடுவேனோ? மாட்டேன் என்று எழுதக் கை வரவில்லை.

அன்றே, சற்றுப் பின்

பால்பாண்டி உழவு மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார், தோளில் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கமலை வடம். பின்னால் அவர் மனைவி சங்கரம்மாள் கடப்பாரையோடு.

“ஒங்களுது மட்டும் நிக்கிறது நல்லாவா இருக்கு? தள்ளி நில்லுங்க.”

“பால்பாண்டி, இது ராஜத்துரோகம்.”

“மாட்டுக்கு அதெல்லாம் தெரியாதுங்கய்யா.”

“அமிர்தராசு எங்க வீட்டுலயும் கஞ்சி குடிச்ச பிள்ளதான்” என்றாள் சங்கரம்மாள். அப்படியானால் ஊருக்கே தெரியும்! தள்ளி நிற்கத்தான் போனேன். ஆனாலும் வடத்தின் ஒரு முனையை நான்தான் கம்பத்தில் கட்டினேன். கம்பம் சாய்ந்தது.

மாலை

இன்ஸ்பெக்டர் எங்களையெல்லாம் வரிசையில் நிறுத்தினார். “யாருடா?”

“இருட்டுல தெரியலைங்க எசமான்” என்றார் பால்பாண்டி. ஊரே அதைச் சொன்னது. கடைசியில் நானும், தப்பில்லாத தமிழில். எல்லோருக்கும் பின்புறத்தில் பிரம்படி. என்னிடம் வேறு கேள்வி எதுவும் கேட்கவில்லை.

23-8, ஞாயிறு

கோயிலில் ஆராதனை முடியும்வரை நின்றுகொண்டே இருந்தேன். போதகர் என் பக்தியை மெச்சினார்.