ஈரத்துணியில் ஒரு சிவப்புப் புள்ளி

அண்ணி,

இன்று சாயங்காலம் அம்மா பரணிலிருந்து அந்தத் தகர டப்பாவை இறக்கினாள். மூடியைத் திறப்பதற்குள் பூச்சிப்பொடியின் மக்கிய நெடி வீடெங்கும் பரவிவிட்டது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னாடி, உங்க அண்ணி வாசன வருதா?"

இப்போது தூங்குகிறாள். அவள் புரளும் சத்தம் கேட்டால் எழுதுவதை நிறுத்திவிடுகிறேன்.

கல்யாணமாகித் திருக்கழுக்குன்றத்திலிருந்து வந்தபோது உங்கள் பூனையையும் கூடையில் கொண்டுவந்தீர்கள். நீங்கள் இல்லாவிட்டால் அது சாப்பிடாது என்று உங்கள் அம்மா கொடுத்தனுப்பினார். இந்தக் கடற்கரை மணலிலும் புழுக்கத்திலும் அதற்குத் தெள்ளுப்பூச்சி பிடித்தது. அண்ணனின் கணுக்காலில் தடிப்புகள் எழும்பியதும் அம்மாவுக்குப் பேச்சுக் கிடைத்தது.

"பவுன் போடத் துப்பில்ல. தெள்ளுப்பூச்சிய மட்டும் ஜோரா சீர் அனுப்பிக்கீறாங்க."

அண்ணன் சிரித்தான். நீங்களும் சிரிக்கும்வரை இருவரும் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரித்தீர்கள்.

அதன் பிறகு மத்தியான வேளைகளில் கிணற்றடியில் பூனையை மடியில் போட்டுக்கொண்டு பேன்சீப்பால் வாருவீர்கள். சிக்கியதைச் சோப்புத் தண்ணீரில் முக்குவீர்கள். நசுக்கப் போனால் என் கையைத் தட்டிவிடுவீர்கள். "துள்ளி ஓடிடும் பாப்பா, முக்கு." அது படுக்கும் சாக்கைக் கொதிநீரில் அலசி, நாம் இருவரும் சுடுமணலில் விரித்துப்போடுவோம். "பூன மேல கீறது கொஞ்சந்தான். சாக்குலதான் குடும்பமே கீது" என்பீர்கள்.

வெள்ளிக்கிழமைகளில் அம்மாவின் சோதனை. நனைத்த வெள்ளைத் துணியை விரித்து, அதன்மேல் பூனையை நிறுத்தி, மயிரை எதிர்ப்பக்கமாகத் தேய்ப்பாள். விழுந்த கரும்பொடி ஈரத்தில் சிவந்தால் அது தெள்ளு குடித்துக் கழித்த ரத்தம். சிவந்த அன்றைக்கு உங்களுக்குச் சோறு கிடையாது. பூனைக்கு உண்டு. அதை உங்கள் எதிரிலேயே வைப்பாள்.

கடைசி வெள்ளிக்கிழமை ஒரே ஒரு புள்ளிதான் சிவந்தது. அச்சரப்பாக்கத்து உரக்கடையில் வாங்கிய டப்பாவை அம்மா கொண்டுவந்தாள்.

"மாட்டுக்கும் நாய்க்கும் போடுவாங்க அத்த. பூன ஒடம்ப நக்கிக்கினே கெடக்கும்" என்றீர்கள்.

"நக்கட்டுமே."

நீங்கள் அண்ணனைப் பார்த்தீர்கள். "போட்டுட்டு வேலையப் பாரேன்" என்றான். அம்மா உங்கள் மணிக்கட்டைப் பிடித்து டப்பாவுக்குள் விட்டு, உங்கள் கையாலேயே தூவ வைத்தாள். உங்கள் கை என்பதால் பூனை ஓடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றது.

விளக்கு வைப்பதற்குள் அதன் வாயில் நுரை தள்ளியது. கால்கள் படுத்த நிலையிலேயே ஓடின. நீங்கள் குடம் குடமாய் ஊற்றிக் கழுவினீர்கள். அம்மா வாசலில் நின்று, "தெள்ளும் போச்சு, பூனையும் போச்சு. ரெட்ட லாபம்" என்றாள்.

அடுத்த மழையில் உங்களுக்கு மஞ்சள் காமாலை வந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு என்னை அழைத்துப்போகவில்லை. உங்களைச் சுடுகாட்டுக்கு எடுத்த பிறகு உங்கள் அம்மா எங்கள் வாசலை விட்டு நகராமல் நின்றார்.

"பூனையாச்சும் குடுங்க சம்மந்தி, எடுத்துக்கினு போறேன்."

"அது ஒம் பொண்ணுக்கு முன்னாடியே போய்ச் சேந்துச்சு. சொல்லலியா அவ?"

நீங்கள் சொல்லியிருக்கவில்லை.

அந்தப் பூனையின் குட்டி ஒன்று விறகடுக்கில் பிழைத்துக் கிடந்தது உங்களுக்குத் தெரியும். எலி பிடிக்கிறதே என்று அம்மா விட்டுவைத்தாள். இப்போது அதற்கும் தெள்ளு. நாளை வெள்ளிக்கிழமை. "இந்த வாட்டி நீதான் பொடி போடற. உங்கிட்டதான் அது ஓடாம நிக்கும்" என்று சொல்லியிருக்கிறாள்.

சாயங்காலம் முழுக்க உங்கள் பேன்சீப்பால் வாரினேன். சாக்கையும் கொதிநீரில் போட்டேன். சற்று முன் என் பள்ளித் தாவணியை நனைத்து அதன்மேல் குட்டியை நிறுத்திப் பார்த்தேன். ஒரு புள்ளி சிவந்தது.

பள்ளிப் பையிலிருந்து புத்தகங்களை எடுத்துக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டேன். விடிந்ததும் பையில் குட்டியோடு திருக்கழுக்குன்றம் பஸ் ஏறுவேன். தனியாக இதுவரை போனதில்லை. திரும்பி வந்தால் அம்மா என்ன செய்வாள் என்பது உங்களுக்குத் தெரியும்.

உங்கள் அம்மா கதவைத் திறந்ததும் என்ன பேசுவது என்று தெரியவில்லை. உங்கள் பேன்சீப்பை அவர் கையில் கொடுத்து, பூனை மேல் இருப்பது கொஞ்சம்தான் என்று ஆரம்பிப்பேன்.