ஒரு சொட்டு மழை படாத கார்

நவம்பர் 3, திங்கள்

விடியும்போதே மழை. பிள்ளைகள் பத்தொன்பது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் கொட்டகையில் இன்றைக்கு ஐந்து இடத்தில் ஒழுகல். வாளி மூன்று, சட்டி ஒன்று, பால்மா டின் ஒன்று. தொட்டில்களைச் சுவரோரம் தள்ளினேன். சுவரும் ஈரம்.

சுமதியின் கைக்குழந்தைக்கு மறுபடி சளி. நெஞ்சுக்குள் கர்ர் கர்ர் என்று சத்தம். ஐந்து மாசம்தான் ஆகிறது. கொழுந்து எடுக்க மலைக்குப் போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "அக்கா, ஈரம் படாம பாத்துக்குங்க." எங்கே வைத்துப் பார்த்துக்கொள்வது? என் தலையிலா?

நாற்பது அடி தள்ளி, பிள்ளைகளை வைத்துப் பார்க்கவென்றே கட்டிய எங்கள் பிள்ளைக்காம்பரா. யாரோ வெளிநாட்டுக்காரர் உதவியில் புதுக் கூரை, டைல்ஸ் தரை, சுவரில் முயல் படம். சாமி வரம் கொடுத்தது, பூசாரி கொடுக்கவில்லை. உள்ளே இருப்பது தோட்டத்துத் துரையின் கார்.

ஏழு மாசமாக. துரையின் மாமனார் வைத்திருந்த அமெரிக்கக் கார். அறுபது வயசுக்கு மேல். இளநீலம், வெள்ளை சீட்டு, ஸ்டியரிங் இடது பக்கம். அவ்வளவு நீளத்துக்கு உட்கார இரண்டே பேர். பங்களா கராஜ் சுவர் வெடித்துவிட்டது, இரண்டு வாரத்துக்கு மட்டும் என்றார்கள். கார் நுழைய வாசலை உடைத்துப் பெரிய கதவு போட்டார்கள். இரண்டு வாரத்துக்கு யாராவது சுவரை உடைப்பார்களா? அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பைத்தியக்காரி.

பால்மா தீரப் போகிறது. பிள்ளைகளைக் குளிப்பாட்டச் சவர்க்காரம் இரண்டு கேட்க வேண்டும்.

நவம்பர் 4, செவ்வாய்

மழை இல்லை. மூட்டம்.

சவர்க்காரம் கேட்க ஆபிஸ் போனேன். கணக்கப்பிள்ளை ஃபோனில் கார் விளம்பரத்தைக் காட்டினார். ஏழெட்டு ஃபோட்டோ. ஒரு ஃபோட்டோவில் பின்னால் எங்கள் முயலின் காது தெரிகிறது. சிங்களத்தில் போட்டிருந்ததைத் தமிழில் சொன்னார்: "ஒரு சொட்டு மழை படாதது. கொழந்த மாதிரி பாத்துக்கிட்டது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எந்தக் கொழந்த மாதிரிங்க? கொட்டகையில நனையுதுகளே, அதுக மாதிரியா?"

"சத்தம் போடாதீங்கம்மா. வித்துட்டா காம்பரா ஒங்களுக்குத்தானே."

அதுவும் சரி. போன வாரம் பண்டாரவளையிலிருந்து ஒருத்தர் வந்தார். கார்க் கதவைத் திறந்தார், மூக்கைப் பொத்தினார், போய்விட்டார். பூஞ்சண வாடை. மழைக்காலத்தில் மூடியே வைத்தால் வேறென்ன வரும், மல்லிகைப்பூ வாசமா? வியாழக்கிழமை பதுளை புரோக்கர் நிஸார் நானா கொழும்புப் பார்ட்டி ஒன்றைக் கூட்டி வருகிறாராம். காரைத் துடைத்து வைக்கச் சொல்லி, காம்பராவுக்கும் காருக்குமான சாவிக்கொத்தை என் கையில் கொடுத்தார் கணக்கப்பிள்ளை. பிள்ளை பார்க்கிறவள் காரும் பார்க்க வேண்டுமாம்.

சரி, பார்க்கிறேன். இந்தச் சனியன் போய்த் தொலைந்தால் போதும்.

சவர்க்காரம் தரவில்லை. கேட்கவே மறந்துவிட்டேன்.

நவம்பர் 5, புதன். போயா லீவு, பௌர்ணமி

லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் துணி துவைக்கிறார்கள். நான் கார் துடைக்கிறேன். தலையெழுத்து.

வாடைக்கு என்ன செய்வது என்று நேற்றெல்லாம் யோசனை. அப்புறம் பட்டது. தேயிலை! எந்த ஈரத்தையும் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். அதனால்தானே பெக்டரிக்குள் மண்ணெண்ணெய் டின்னைக் கொண்டுபோக விடுவதில்லை. பெக்டரியில் வேலை செய்கிற என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அங்கே கேட்டு வாங்கி, தூக்கி எறிகிற கழிவுத் தூள் ஒரு சாக்கு கொண்டு வந்தார்.

"நீ என்னா, கார் புரோக்கரா?"

"ஆமா. வித்ததும் கமிசன் தர்றேன். போய்த் தண்ணி அள்ளிட்டு வாங்க."

அடுப்பில் தூளை வாட்டி, மாவுப் பைத் துணியில் முடிச்சு முடிச்சாகக் கட்டினேன். சீட்டுக்கு அடியில் ஆறு. பின்பெட்டியில் நாலு. கால் வைக்கிற இடத்தில் இரண்டு. காம்பராக் கூரை ஓட்டிடுக்கில் ஒரு விரல் அகலம் ஈரம், அதற்குத் தார்ச்சீலை ஒட்டினார் வீட்டுக்காரர். தரை கழுவி, கரி அடுப்பு மூட்டிச் சுவரையும் காய வைத்தேன். வெள்ளி மாதிரி இருக்கிற பம்பரைச் சாம்பல் போட்டுத் தேய்க்கலாமா என்று நினைத்தேன். நல்லவேளை, வீட்டுக்காரர் பிடுங்கிக்கொண்டார்.

ஒரு நிமிஷம் உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். மெத்தென்று, கதகதப்பாக. அதற்கும் கோபம் வந்தது. இறங்கிவிட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

பத்து மணிக்கு வந்தார்கள். துரை, நிஸார் நானா, கொழும்புப் பார்ட்டி. வெள்ளைச் சட்டைக்காரர், வெள்ளை சப்பாத்து வேறு. சேற்றில் நடக்கத் தெரியாமல் நானாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். சிரிப்பை அடக்கினேன்.

கார்க் கதவைத் திறந்தார். மூக்கை உள்ளே விட்டார். மறுபடி முகர்ந்தார். காலடி விரிப்பைத் தூக்கித் தடவினார். சுவரைத் தடவினார். தரையைத் தடவினார். முகமெல்லாம் பல்.

நானா என்னைக் கேட்டார்: "தங்கச்சி, இத யாரு பாக்குற எண்டு கொழும்பு மாத்தயா கேக்குறாரு."

"நான்தாங்க!" என்றேன். வாய் சும்மா இருந்ததா? தேயிலை முடிச்சை எடுத்துக் காட்டினேன். வாட்டுகிற விதம், எத்தனை நாளைக்கு ஒரு தரம் மாற்றுவது, எல்லாம். நானா தொடையில் தட்டிச் சிரித்தார். "அல்லாவே, எங்கட வாப்பா காலத்துலயும் இந்த வித்தய நான் கேள்விப்படல்ல!"

எடுக்கிறாராம்! விற்றாயிற்று!

கொட்டகைக்கு ஓடி வந்து பிள்ளைகளிடம் சொன்னேன். அவர்களுக்கு என்ன புரியும், எல்லாம் கை தட்டின. சுமதியிடம் சொன்னேன். அவள் அழுதாள்.

நவம்பர் 7, வெள்ளி

கோவிலில் தேங்காய் உடைத்தேன்.

பிள்ளைக்காம்பராவில் வைக்க வேண்டியவை: தொட்டில் நாலும் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில். சுமதி பிள்ளை நடுவில். பாய் எட்டு. பால் கொடுக்க வரும் அம்மாக்களுக்கு வாசல் பக்கம் பலகை. முயலுக்கு ஒரு கண் அழிந்திருக்கிறது, பெயின்ட் கேட்க வேண்டும்.

குழந்தைக்கு இருமல் குறையவில்லை. ஹல்துமுல்லை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்க் காட்டினாள் சுமதி. மருந்து கொடுத்து, "ஈரமில்லாத எடத்துல வைங்க" என்றார்களாம்.

நவம்பர் 10, திங்கள்

எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

கார் எப்போது போகும் என்று கேட்கப் போனேன். கணக்கப்பிள்ளை என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"கார் போகல்லம்மா. பார்ட்டி வாங்கிட்டாரு. ஆனா இங்கயேதான் வைப்பாராம். கொழும்புல கடல் காத்து, துரு புடிச்சிரும். இவ்வளவு காஞ்ச எடம் எங்கயும் இல்லையாம். தொரைக்கு வாடகையும் குடுக்குறாராம்."

"அப்ப பிள்ளைகங்க?" என்றேன்.

"ஒங்களப் பத்தி ரொம்ப ஒசத்தியா சொன்னாராம். வாரத்துக்கு ஒரு தடவ தேயில மாத்தச் சொன்னாரு."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன். நானே கழுவி, நானே காய வைத்து, நானே வாய் கிழிய வித்தை சொல்லிக் கொடுத்து! பூஞ்சணத்தை அப்படியே விட்டிருந்தால் எவனாவது அடிமாட்டு விலைக்காவது இழுத்துக்கொண்டு போயிருப்பான். செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் நான்.

நேரே பங்களாவுக்குப் போனேன். துரை வராந்தாவில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அவர் தமிழ் அப்படித்தான்: "நீங்க ரொம்ப நல்ல வேல. எனக்கு சந்தோசம். கொட்டகைக்கு புது தகரம் போடுறது. அடுத்த வருசம்."

"அடுத்த வருசம் வரைக்கும் மழைய நிப்பாட்டி வைப்பீங்களா சேர்?"

சிரித்தார். நான் வேடிக்கை பேசினேன் என்று நினைத்துவிட்டார்.

வீட்டுக்காரர் சொல்கிறார், "விடு புள்ள, வேலைக்கு ஒல வச்சிராத." நான் விடுகிற ஆளா என்று இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் அவருக்குத் தெரியவில்லை.

நவம்பர் 11, செவ்வாய். பகல் ஒன்றரை

காலை எட்டேகாலுக்குக் காற்று. பெரகல மலைப் பக்கமிருந்து அடித்தது. கொட்டகையின் மேற்குப் பக்கத் தகரம் ஒன்று பிய்த்துக்கொண்டு தேயிலைக்குள் போய் விழுந்தது. அதன் கீழே இரண்டு தொட்டில். சுமதி குழந்தையின் போர்வை ஒரு நொடியில் சொதசொதவென்று. வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. நான் செத்துப் பிழைத்தேன். அப்புறம் அழுதது. அந்த அழுகையைக் கேட்டு யாராவது சந்தோஷப்பட்டிருப்பார்களா? நான் பட்டேன்.

சாவி என் இடுப்பில்தான்.

காம்பராக் கதவைத் திறந்தேன். சின்னதுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்தேன். பெரியவர்கள் தாங்களே ஓடி வந்தார்கள். காரைச் சுற்றிப் பாய் விரித்தேன். தொட்டிலைக் கொண்டுவர நேரமில்லை. கார்க் கதவைத் திறந்து, தேயிலை முடிச்சையெல்லாம் வெளியே எறிந்து, குழந்தையைத் துடைத்து, என் சால்வையில் சுற்றிச் சீட்டில் படுக்க வைத்தேன். பக்கத்தில் இன்னும் மூன்று. இரண்டு பேர் உட்காரும் காராம்! மூன்று பேர் அதில் மூத்திரமும் பெய்துவிட்டார்கள். பெய்யட்டும்.

பத்து மணிக்குப் பால் கொடுக்க அம்மாக்கள் வந்தார்கள். வாசலில் தயங்கி நின்றார்கள். "வாங்கடி உள்ள! யார் வீடுன்னு நிக்கிறீங்க?" என்றேன். சுமதி ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்துதான் பால் கொடுத்தாள். குழந்தை நன்றாகக் குடித்தது. கர்ர் சத்தம் இருக்கிறது, ஆனால் உடம்பு சூடாகிவிட்டது. இரண்டு மணிக்கு வேலை முடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறாள்.

கணக்கப்பிள்ளை குடையோடு வந்தார். தலையில் கை வைத்தார். "ஐயோ, என்னாம்மா வேல செஞ்சிருக்கீங்க! அது அடுத்தவங்க கார்!"

"இது அடுத்தவங்க காம்பராங்க."

"தொரைக்கு ஃபோன் பண்ணிட்டேன். வந்துக்கிட்டிருக்காரு. சாவியக் குடுத்துருங்க. நான் ஏதாச்சும் சொல்லி சமாளிக்கிறேன்."

கொடுக்கவில்லை. அவர் போய்விட்டார்.

வேலை போனால் போகட்டும் என்று எழுத ஆசை. அப்படியெல்லாம் இல்லை, பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கொடுக்கமாட்டேன்.

கீழே வளைவில் ஜீப் சத்தம். மழை விடவில்லை. பத்தொன்பதும் இப்போதுதான் கண் மூடின. கத்துவதென்றால் துரை வெளியே நின்று கத்தட்டும்.